சித்தப்பா இல்லாத இரண்டாம் பாகம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சித்தப்பா இருந்தார். அசல் சித்தப்பா வேறு. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, காபி தண்ணீர், ஃபேன் சுற்றவில்லை, கோட்டைக்குள் கொசு அதிகம் என்று வரிசையாகக் குறை சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை எழுந்து போகாமல் இருப்பவர். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தவரும் அச்சாக அப்படியே. நொண்டிக் காலோடு மூட்டை சுமந்து வரும் ஒரு பழைய சிப்பாய். மழை பெய்தால் முட்டி வலி, வெயில் அடித்தால் தாகம், வழி நீளம், சோறு உப்பில்லை. ஆனால் நம்மை விட்டுப் போகமாட்டார். கதையில் அவருக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அண்ணாவும் நானும் முதல் நாளே அதைத் தள்ளிவிட்டுச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அசல் சித்தப்பாவுக்குக் கடைசி வரை இது தெரியாது.

அண்ணா இன்ஜினீயரிங் படிக்கிறான் என்று அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்து வீடுகளின் வழக்கப்படி எங்கள் வீடும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். சமையலறைக்கு முந்தின அறையில், மாடிப்படிக்குக் கீழே அதை வைத்திருந்தோம். நான் அப்போது காலேஜில் ப்ரீ டிகிரி. மாலையில் சந்தியாகாலம் முடிந்து விளக்கேற்றிய பிறகு எங்கள் ஆட்டம் தொடங்கும். வேலையைப் பங்கு போட்டிருந்தோம். சண்டை அண்ணாவுக்கு, பேச்சு எனக்கு. ஓநாயோ கொள்ளைக்காரனோ வந்தால் அவன் மௌஸைப் பிடித்துக்கொள்வான். யாராவது வாயைத் திறந்தால் மௌஸ் என் கைக்கு வரும்.

அந்த விளையாட்டில் பேச்சு நிறைய. யார் எதைச் சொன்னாலும் கீழே மூன்று பதில்கள் இங்கிலீஷில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அதை உரக்கப் படித்து, எங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுவேன். சமையலறை வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்காக அப்படி ஆரம்பித்தது. பிறகு அண்ணாவுக்கே அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. திரையில் இங்கிலீஷ் தெரிந்தாலும், சித்தப்பா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்பான். அவர் தன் பெண்ணோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டு வந்த கதையை நான் சொன்ன அன்று, அம்மா அரிவாள்மணையை நகர்த்திவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் துறைமுகத்து ஊரில் இருந்தாள். போய்ப் பார்க்கச் சொல்லேண்டி என்றாள் அம்மா.

முதல் பாகத்தின் கடைசியில் ஒரு கணவாய் வரும். பின்னால் எதிரிகள். சித்தப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நீ போ, நான் இவர்களை நிறுத்தி வைக்கிறேன் என்பார். எல்லோருடைய ஆட்டத்திலும் அவர் அங்கே செத்துப்போவார். வழி நெடுக அவரோடு முகம் கொடுத்துப் பேசியிருந்தால் மட்டும் நான்காவதாக ஒரு பதில் முளைக்கும்: உன் பெண்ணை யார் பார்ப்பது, எழுந்து வா. எங்களுக்கு அது முளைத்தது. சித்தப்பா திட்டிக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் நொண்டி நொண்டி வந்தார். காலேஜில் இதே விளையாட்டை விளையாடிய யாருடைய வீட்டிலும் அவர் பிழைக்கவில்லை. எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். நான் பேசிப் பிழைக்க வைத்த ஆள் அவர்.

அண்ணாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அவன் புறப்படும் முன், எங்கள் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்த கோப்பை ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து என்னிடம் கொடுத்தான். இரண்டாம் பாகம் வருமாம். முதல் பாகத்தின் கோப்பைக் காட்டினால் அதில் என்ன நடந்ததோ அதைத் தெரிந்துகொண்டு கதை தொடருமாம். யார் பிழைத்தார்களோ அவர்கள் இருப்பார்களாம். நல்லவேளை எடுத்து வைத்தான். அந்த ஐப்பசித் துலாவர்ஷ மழையில் ஓர் இடி எங்கள் தெருவில் பாதி டெலிபோன்களையும் எங்கள் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோய்விட்டது. புது டிஸ்க் போட்ட பிறகும் சித்தப்பா உயிரோடு இருந்த இடம் அந்த ஃப்ளாப்பி ஒன்றுதான். அதை அலமாரியில் என் சர்ட்டிஃபிகேட்டுகளோடு வைத்திருந்தேன். இதற்குள்ளேதான் சித்தப்பா இருக்கார், தொடாதே என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியும் வைத்தேன். அப்படிச் சொன்னதுதான் வினையாக முடிந்தது.

இரண்டாம் பாகம் வந்தது. அண்ணா போனில் சொன்னான், சிடி வாங்கிவிட்டானாம், நவராத்திரிப் பூஜை லீவுக்கு வரும்போது கொண்டுவருவானாம். அதுவரை நீயும் தொடாதே, நானும் தொடமாட்டேன் என்று பேசிக்கொண்டோம். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். என் வகுப்பில் ஒருத்தியின் தம்பி அதை முடித்துவிட்டான். அவள் கதையைச் சொல்ல வாயெடுத்தபோது, சொன்னால் இனிமேல் என் குடையில் இடம் கிடையாது என்று மலையாளத்தில் மிரட்டி வைத்தேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளோடு பேசுவதற்கே பயமாக இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணா வர வேண்டும், மாடிப்படிக்குக் கீழே இரண்டு நாற்காலி போட வேண்டும், அவன் சண்டை போட நான் பேச வேண்டும், சித்தப்பா எங்களோடு வர வேண்டும். அவன் சென்னைக்குப் போன பிறகு போனில் எங்களுக்குப் பேச விஷயமே இல்லாமல் போயிருந்தது. சாப்பிட்டாயா, மழையா என்பதோடு சரி. சித்தப்பா வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அண்ணா அஷ்டமியன்று மத்தியானம் வந்து சேர்ந்தான். நான் கம்ப்யூட்டரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். அவனோ குளித்தான், சாப்பிட்டான், தூங்கினான். எழுந்ததும், வா, பழவங்காடிக் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாம் என்றான். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்றதும் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் பூஜை வைப்பு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் வீட்டிலுள்ள புத்தகங்களை எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கிப் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும் வரை ஓர் எழுத்து படிக்கக்கூடாது. படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. வேலை செய்கிற கருவிகளுக்கும் இதே கதிதான். தேங்காய் உடைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, கம்ப்யூட்டர் மேஜை வெறிச்சோடிக் கிடந்தது. கீபோர்டு, மௌஸ், அண்ணா கொண்டுவந்த சிடி எல்லாம் பூஜையறையில் மணைப்பலகையின் மேல் இருந்தன. கீபோர்டில் வரிசைக்கு ஒரு குங்குமப் பொட்டு. அப்பாவின் ஆபீஸ் ஃபைல், என் கெமிஸ்ட்ரி புத்தகம், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு செம்பருத்தியைச் சூடிக்கொண்டு சித்தப்பாவின் ஃப்ளாப்பி.

நான் கத்தினேன். அம்மா அசையவில்லை. வெச்சாச்சு, தசமி கார்த்தாலைதான் எடுக்கணும் என்றாள். அண்ணா சட்டையைக் கழற்றி மாட்டினான். அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நவமியன்று வீட்டில் ஒருவரும் எதையும் தொட முடியாது என்பதால் பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் பேசினேன். சித்தப்பா பெண்ணைப் பார்த்திருப்பாரா, முட்டிக்கு வைத்தியம் பார்த்திருப்பாரா, இந்தத் தடவையாவது மூட்டையை வேறு யாராவது தூக்குவார்களா. அண்ணா உம் கொட்டினான். சென்னையில் எப்படி என்று கேட்டால், ரூமில் நாலு பேர், நல்ல பசங்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டான். சாயங்காலம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக் கச்சேரியைக் கேட்கக் கூட்டத்தோடு நின்றோம். அவனுக்கு மறுநாளே ரயில்.

விஜயதசமி காலையில் அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ என்று முதல் எழுத்து எழுதியாயிற்று. வேலைக்குப் போகிற பிள்ளையின் விரலையும் அம்மா விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டினோம். இரண்டாம் பாகம் ஏறியது. பழைய ஆட்டம் இருந்தால் காட்டு என்று கேட்டது. ஃப்ளாப்பியைச் செருகினேன். அது கரகரவென்று சத்தம் போட்டது. காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி செருகினேன். மறுபடி அதே கரகர.

அண்ணா வெளியே எடுத்து, அதன் தகர மூடியை விரலால் தள்ளிப் பார்த்தான். உள்ளே அந்தக் கறுப்புத் தகட்டின் மேல், காய்ந்துபோன சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. தீர்த்தம் வேறு தெளித்திருந்தாள்.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“உள்ளே இருக்கார்னுதானே நீ சொன்னே,” என்றாள். “வெளியிலே வெச்சா அவருக்கு எப்படிச் சேரும்? அதான் அந்தக் கதவைத் தெறந்து, உள்ளேயே இட்டேன். வயசானவர், கால் நோவோட அலையறார், நன்னா இருக்கட்டும்னு.”

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்துப் பார்த்தோம். சந்தனம் போயிற்று; சித்தப்பாவும் போய்விட்டார்.

பழைய ஆட்டம் இல்லை என்று சொன்னால், விளையாட்டு தானே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு ஆரம்பிக்கும். மற்றவர்கள் ஆட்டத்தில் எது அதிகம் நடந்ததோ அது. ஆரம்பக் காட்சியில் ஒரு மலைச்சரிவு, அதில் ஒரு கல், கல்லின் மேல் சித்தப்பாவின் வாயில் நுழையாத பெயர். கதாநாயகன் அரை நிமிடம் தலை குனிந்து நிற்கிறான். அதற்குள் மரத்திலிருந்து ஒரு பெண் குதித்து வந்து, கையில் புல்லாங்குழலோடு, உனக்குத் துணை வேண்டாமா என்று கேட்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை ஜோக். கல்லில் இன்னும் ஈரம் காயவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எழுந்து போயிருக்கலாம். அண்ணாவின் ரயில் சாயங்காலம்தான் என்பதால் உட்கார்ந்திருந்தேன். மௌஸ் என் கையில் இருந்தது. கதாநாயகனை நடத்திக்கொண்டு போனேன். ஒரு காடு, அதற்குப் பின்னால் இருட்டு. திரையில் இன்னும் எதுவும் தெரியவில்லை.

“இடது பக்கம் போ,” என்றான் அண்ணா. “வலது பக்கம் பள்ளம்.”

நான் நிறுத்தினேன். பள்ளம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவனே சொன்னான், ரூமில் எல்லோரும் சேர்ந்து ஆடிவிட்டார்களாம். சிடியை மேஜையில் பார்த்ததும் ஒருத்தன் போட்டுவிட்டானாம். இவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையாம். முழுவதும் முடித்தாயிற்றாம். அங்கேயும் பழைய கோப்பு இல்லாததால் சித்தப்பா கல்லாகத்தான் இருந்தாராம். ஃப்ளாப்பி இருக்கிறதே, இங்கே வந்தால் அவரைப் பார்க்கலாம் என்று இவன் நினைத்திருந்தானாம்.

“ஆனா பரவால்லடி,” என்றான், புல்லாங்குழல்காரியைக் காட்டி. “இவளும் நன்னாத்தான் இருக்கா. போகப் போகப் பழகிடும்.”

எனக்கு அவன் வாக்குத் தவறியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்று அவன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மௌஸை அவன் பக்கம் தள்ளிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அப்பா மட்டும் அவனோடு தம்பானூர் ஸ்டேஷன் வரை போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டுகளின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் பார்த்துவிட்டேன். முதல் பாகத்தில் நாம் யார்மேல் உயிரை வைத்திருந்தோமோ அந்த ஆளை என்ன செய்வது என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. சிலர் கொன்றுவிடுகிறார்கள், அதுவும் முதல் காட்சியிலேயே, நம்மை அழவைக்க. சிலர் கெட்டவனாக்கிவிடுகிறார்கள். நரைத்த ஆளை இளைஞனாக்கி, முகத்தை மாற்றி, குரலை மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. டிவி தொடரில் ஒருநாள் திடீரென்று இவருக்குப் பதில் இவர் என்று போட்டு, புது ஆள் அதே கணவராக வந்து காபி கேட்பாரே, அந்த மாதிரி. நான் அப்போது பதினெட்டு வயதுக் கோபத்தில், எழுதினவனுக்கு வீட்டில் மனிதர்களே கிடையாதா என்று நினைத்தேன்.

துலாவர்ஷம் தொடங்கியது. புல்லாங்குழல்காரியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, முதல் பாகத்தை மறுபடி ஏற்றினேன். சித்தப்பாவை நானே திரும்பக் கொண்டுவருவது என்று பிடிவாதம். பேச்சு எனக்குத் தெரிந்ததுதான். சண்டைதான் வரவில்லை. அண்ணா அலட்சியமாகத் தாண்டிய ஓநாய்கள் என்னைக் கிழித்துப் போட்டன. சித்தப்பா என்னைக் காப்பாற்ற வந்து செத்தார், பழைய இடத்துக்குத் திரும்பினேன், மறுபடி செத்தார். மத்தியானம் இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். அம்மா குற்ற உணர்ச்சியில் எனக்கு வேலையே சொல்லவில்லை. அவர் இப்போ எங்கே வந்திருக்கார் என்று மட்டும் சமையலறையிலிருந்து கேட்பாள். சொல்லுவேன். கணவாயில் நான்காவது பதில் முளைத்த அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கோப்பைக் காட்டியதும் இரண்டாம் பாகத்தில் மலைச்சரிவு இருந்தது, கல் இல்லை. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் மரத்திலிருந்து குதித்தது அந்தப் பெண்தான். சித்தப்பா வரவில்லை. அடுத்த ஊரிலும் இல்லை. தேடிக்கொண்டே பாதிக் கதை நடந்தேன். கடைசியில் துறைமுகத்து ஊரின் கோட்டை வாசலில், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டோடு இருக்கிறாராம். வாசல் காவல் வேலையாம். முட்டி அப்படியேதான் இருக்கிறதாம். மொத்தம் ஐந்தாறு வரிகள், அவ்வளவுதான், நம்மோடு வரமாட்டார்.

யோசித்தால் எழுதினவனைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் வீட்டில் அவர் செத்திருப்பார், இன்னொருவர் வீட்டில் இருப்பார். இரண்டு வீட்டிலும் கதை நடந்தாக வேண்டும். அவரைப் போட ஒரு வாசல்தான் கிடைக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டான். அம்மா பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். பூஜைக்குப் பிறகு அவனோடு நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கவில்லை. சாப்பிட்டாயா என்றான். மழையா என்றான். பிறகு, சித்தப்பா கிடைச்சுட்டாராமே, அம்மா சொன்னா, என்றான்.

“கெடைச்சார்.”

“என்ன சொன்னார்?”

பழைய வழக்கம், நாக்கு தானாக எடுத்துக்கொண்டது. சொன்னேன்.

“‘உன்னை எனக்கு ஓர்மையிருக்கு, மறக்கலை. புதுசாத் துணை கெடைச்சிருக்கு போலிருக்கே. நல்லதாப் போச்சு. வழியிலே பேச்சுக்கு ஒரு ஆள் வேணும். நான் எங்கேயும் போகலை, இந்த வாசல்லேதான் இருப்பேன். நீ கெளம்பு.’”

பூத்துக்கு வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது.

“அதுக்கு நீ என்ன பதில் சொன்னே?” என்று கேட்டான்.

மூன்று பதில் இருந்தது, மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லாமலே வந்துவிட்டேன் என்றேன். பிறகு, அவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டேன். உன் ரூமில் யார் யார் இருக்கிறார்கள், சொல்லு என்றேன். அவன் ஆரம்பித்தான். ஒருத்தன் கும்பகோணம், ரசம் நன்றாக வைப்பான். ஒருத்தன் தூக்கத்தில் பேசுவான். இன்னொருத்தனுக்கு அம்மா இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காயில் பாதி அவனுக்குத்தான் போயிற்று. அண்ணா இப்படிப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கேட்கக் கேட்க எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது வலிக்கவும் செய்தது.

“அந்த விளையாட்டிலே சண்டை யார் போட்டா?” என்று கேட்டேன்.

“மாத்தி மாத்தி எல்லாரும்.”

“பேச்சு?”

“பேச்சை யாரு படிக்கறா?” என்றான் அண்ணா. “அதெல்லாம் அமுக்கி அமுக்கித் தாண்டிடுவோம். நீ இல்லாம எனக்கு அதைப் படிக்கவே தோணலை.”

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.